மூடிக்குள் ஒரு சிலுவை

காரில் ஸ்டீரியோ மாட்டுகிறவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போகிற மனிதர் பத்துக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார். ஒரிஜினலை உருவிக்கொண்டு டூப்ளிகேட்டை வைத்துவிடுவான் என்று பயம். தேனாம்பேட்டை லாசர் கடையில் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை பன்னிரண்டு வருஷத்தில் சேர்த்த சொத்தே அந்தப் பேர்தான்.

அதில் மண்ணைப் போட வந்தார் மயிலாப்பூர் வேதாந்தம். தொண்ணூற்று நாலில் ஒரு வெள்ளிக்கிழமை. கடையில் நாலு பேர் நிற்கும்போதே, போன மாதம் லாசர் ரிப்பேர் செய்த செட்டை மேஜையில் வைத்தார்.

"என் பிள்ளை சிங்கப்பூர்லேர்ந்து வாங்கிண்டு வந்தது இது இல்லை. நீ மாத்திட்டே."

"இன்னா சார் சொல்றீங்க?"

"கரகரங்கறதேன்னு தி.நகர்ல ஒரு கடையில காட்டினேன். திறந்தா உள்ள சிலுவை. எங்காத்து வண்டியில சிலுவை எப்படிடா வரும்? யாரோ சாந்தோம் சர்ச்சுக்காரன் செட்டு. திருடன்!"

நாலு பேரும் லாசரையே பார்த்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சிலுவையைப் போட்டவனே அவன்தான். கடலுக்குப் போகுமுன் அப்பா நெற்றியில் போட்டுக்கொள்வதை, அவன் வேலை முடிந்ததும் மூடியின் உள்பக்கம் பென்சிலால் போடுவான். யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னால் எவன் நம்புவான்?

நின்றிருந்த நாலு பேரில் டாக்சிக்கார ஷரஃபுதீனும் ஒருவர், பழைய வாடிக்கை.

"பாய், உன் செட்டைத் தொறக்கட்டா?"

வாசலில் நின்ற டாக்சியிலிருந்து கழற்றிவந்து திறந்தான் லாசர். அங்கேயும் சிலுவை.

"அடப்பாவி, இத்த வெச்சிக்கினா ரெண்டு வருசமா ஓட்டிக்கினு கீறேன்?" என்று பாய் சிரித்துவிட்டார். வேதாந்தம் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டி இரண்டு சிலுவையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு லாசர் காதருகே குனிந்தார்.

"சரி, உன் கைதான். அதை அழிச்சுடு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா..."

லாசருக்குச் சுருக்கென்றது. ரப்பரை எடுத்தான்.

"அழிக்கிறேன் சார். நாளைக்கு எவன்னா மாத்திட்டா, இது நான் பாத்த செட்டான்னு என்னாண்ட வந்து கேக்காதீங்க."

வேதாந்தம் யோசித்தார். தி.நகர்க்காரனும் அல்லவா இதைத் திறந்திருக்கிறான்! சட்டென்று ரப்பரைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம், இருக்கட்டும்."

லாசர் செட்டை விடவில்லை. "திருடன்னு உரக்கச் சொன்னீங்க. இல்லன்னு காதுல சொல்றீங்க."

வேதாந்தம் நாலு பேரையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"செட்டு என்னோடதுதான்," என்றார் உரக்க. "சிலுவையும் என்னோடதுதான்."