சாப்பிட்ட பிறகு சொல்லலாம்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணம் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். வட்டுக்கோட்டையில் ஒரே விடுதி அறையில் இருந்து படித்த நாங்கள் மூன்று பேர் ஒன்றுகூடி வருடங்களாகிவிட்டன. ஒருவன் சாவகச்சேரியில் வாத்தியார். மற்றவனுக்குக் கொழும்பில் வேலை. அன்று மாலை ரயிலில் வந்து, இரவு என்னோடு தங்கி, விடிய வல்வெட்டித்துறையில் இருக்கும் தன் வீட்டுக்குப் போவதாக எழுதியிருந்தான்.

மத்தியானம் அவன் ஊர் வியாபாரி ஒருவர் கந்தோருக்கு வந்தார்.

"தம்பி, உம்மடை சிநேகிதன்ரை தேப்பனுக்குச் சுகமில்லை, கடுமை. மகனைத்தான் கேட்டுக்கொண்டு கிடக்கிறார். கோச்சியாலை இறங்கினவுடனை அனுப்பிவிடும்."

"ஓம்" என்றேன். அவர் வவுனியாவுக்குப் போகிற அவசரத்தில் கிளம்பிவிட்டார்.

ஸ்டேசனில் வாத்தியாரும் நானும் காத்து நின்றோம். ரயிலால் இறங்கியவன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். "என்னடா மச்சான், தொந்தி வைச்சிட்டுது! கச்சேரிக் கதிரை தாங்குதோ?"

ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். தகப்பன் கிடையில் என்று கேட்ட பிள்ளைக்குச் சோறு இறங்காது. அதனால் சாப்பிட வைத்துவிட்டுச் சொல்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். உண்மை வேறு. அந்த வருடம் நான் மனம்விட்டுச் சிரித்ததே இல்லை. அந்த மாலை எனக்கு வேண்டியிருந்தது.

முதற் கடையில் வடை தின்று வெளியே வந்தபோது சொல்ல வாயெடுத்தேன். "அங்காலைக் கடையிலை தோசை திறம், வாங்கோடா" என்று வாத்தியார் இழுத்துக்கொண்டு போனான். அங்கே எங்கள் விடுதிச் சமையற்காரரைப் போல் அவன் நடித்துக் காட்ட, கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கடைக்காரர் விளக்கேற்றினார்.

"ஐயாவுக்கு இந்தத் தோசை எண்டால் உயிர்" என்றான் கொழும்பிலிருந்து வந்தவன். "விடிய ரண்டு கட்டிக்கொண்டு போகவேணும்."

அப்போதும் நான் சொல்லவில்லை.

மூன்றாவது கடையில் இடியப்பம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் சொன்னேன். அதிலும் ஒரு பொய்: அப்போதுதான் ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனதாக. அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. வாடகைக்குக் கார் பிடித்து மூவரும் போனோம். அவன் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அழுகுரல் கேட்டது. உயிர் பிரியும்போது மகன் பருக்கவேண்டிய பாலை மருமகன் பருக்கியிருந்தார்.

"விளக்கு வைச்ச பிறகும் வாசலைத்தான் பாத்துக்கொண்டிருந்தவர்" என்று தாய் அழுதார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று மத்தியானப் பந்தியில் நான் சோறு பரிமாறினேன். அந்த வியாபாரியும் வந்து உட்கார்ந்திருந்தார். நண்பன் என் தோளில் கையைப் போட்டு அவரிடம் சொன்னான்:

"இவன் இல்லாட்டி நான் விடியத்தான் வந்திருப்பன், அண்ணை. கேள்விப்பட்ட உடனை கார் பிடிச்சவன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்பிடியோ" என்றார்.

சோற்றை அள்ளி நீட்டினேன். அவர் இலைக்கு மேலே கையை விரித்து மறித்தார்.

"போதும், தம்பி."

அந்த இலையில் அதுவரை ஒரு பருக்கையும் விழவில்லை. நான் அடுத்த இலைக்குப் போனேன்.

பிறகு அவர் நண்பனிடம் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. சாகும்வரை அவன் என்னோடு பழையபடிதான் சிரித்துக் கதைத்தான். நான் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.