பிரிசில்லா ருசி பார்த்த சுவர்

என் மனைவி பிரிசில்லாவோடு வெளியே போவதில் ஒரே தொல்லை, எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரைத் தடவுவாள். கல்யாண வீடு, துக்க வீடு என்ற பேதமெல்லாம் அவளுக்குக் கிடையாது. வங்கிக் கடனுக்காக வீடுகளைப் பார்த்து மதிப்புப் போட்டுத் தருவது அவள் தொழில்.

ஆம்பூரில் அவளுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர்கள் எல்லாம் ஆண்கள். முஸ்லிம் வீடுகளில் முன்னறையோடு நின்றுவிடுவார்கள். பெண்கள் புழங்கும் உள்ளறைக்குள் போவது மரியாதை இல்லையே. வீட்டுக்காரர் எடுத்துத் தரும் போட்டோவை ஒட்டி, ‘சொத்தை நான் நேரில் பார்வையிட்டேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மரியாதைக்குச் சொன்ன பொய்தான், ஆனாலும் பொய். பிரிசில்லா அடுப்படி வரைக்கும் போவாள்.

போன ஐப்பசியில் ஷஹீன் பானு ஒரு வீடு வாங்கக் கடன் கேட்டிருந்தாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை. கணவன் இல்லை, சஹர் என்று ஒரு மகள். ஒன்பது வருஷமாகக் கம்பெனி பஸ் ஜன்னலில் இருந்து தினமும் அவள் பார்த்துக்கொண்டு போன வீடு அது. நீலக் கதவு, வாசலில் முருங்கை மரம். விடியற்காலைப் பனியில் அந்த வீடு தரையில் படாமல் மிதப்பது போலத் தெரியுமாம். அரைத் தூக்கத்திலேயே அதற்குள் குடித்தனம் நடத்தியிருக்கிறாள், பாவம்.

தரகர் ஜான் பாஷா எல்லா அறையையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். “இன்னாத்துக்கு மேடம் வீணா அலையணும்?” என்றார். மறுநாளே என் ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள் பிரிசில்லா.

நான் வாசலில் முருங்கை நிழலில் நின்றேன். உள்ளே பிரிசில்லா தூக்கத்தில் நடப்பவள் போல அறை அறையாகப் போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. புதுச் சுண்ணாம்பு அடித்த வீடு. வெள்ளை வெளிச்சத்தில் அவள் புடவை நிறம்கூடக் கரைந்துபோயிருந்தது. பின்னறையில் நின்றாள். சுவரைத் தடவினாள். பிறகு விரலை நாக்கில் வைத்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வீடு ஒரு காலத்தில் தோல் மண்டி. பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கி வைத்த இடம். அந்த உப்பு செங்கல்லுக்குள் இறங்கினால் பிறகு போகவே போகாது. மேலே எத்தனை முறை வெள்ளையடித்தாலும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

“நல்லா இருக்குதில்லக்கா?” என்றாள் பிரிசில்லாவின் பின்னாலேயே வந்த ஷஹீன் பானு.

“சுவர்ல உப்பு இருக்குதும்மா. எழுதித்தான் ஆகணும். எழுதுனா லோன் வராது.”

“போட்டோவுல வெள்ளையாத்தானே கீது? அத்தயே எழுதிடுங்கக்கா.”

“மழை காலத்துல இந்தச் சுவத்தோரமா சஹர் படுத்துப்பா. நீயே பாரு.”

ஷஹீன் பானு சுவரைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்தாள். முகம் சுருங்கியது. எங்களைத் திரும்பியும் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

வரும் வழியெல்லாம் பிரிசில்லா என் முதுகில் சாய்ந்து அழுதாள். “அவ வாயில மண்ணள்ளிப் போட்டுட்டேனே” என்றாள். எனக்கும் மனசு ஆறவில்லை. நல்லது செய்துவிட்டு இப்படி அழுகிற தொழில் வேறு எது இருக்கிறது?

கடன் வரவில்லை. அந்த வருஷ மழை முழுக்க நீலக் கதவைத் தாண்டும்போதெல்லாம் இவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பிரிசில்லா எடுத்தாள். ஷஹீன் பானு எப்போதுமே சத்தமாகப் பேசுகிறவள் போலும், எனக்கே கேட்டது.

“அக்கா, மாதனூர்ப் பக்கம் ஒரு வீடு. பஸ்ல இருந்து பாக்கல, உள்ளாறவே போய்ட்டேன். சஹர் படுக்கற எடத்துல சுவத்தத் தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தேன். தரகரு எனக்குப் பைத்தியம்னு நெனச்சுட்டாரு.”

“உப்பு?” என்றாள் பிரிசில்லா.

“இல்லக்கா. ஆனா நீங்க ஒரு தபா வந்து நாக்குல வெச்சுப் பாருங்க. அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்.”

நான் ஸ்கூட்டர் சாவியைத் தேடினேன். பிரிசில்லா அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.