ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டுப் பேசிய கேசட்

போன வாரம் கறிவேப்பிலை வாங்கப் போன கடையில், வெங்காயக் குவியலுக்கு மேலே இருந்த ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் கை தானாக எழுந்து வால்யூம் குமிழைத் தேடியது. சுற்றிலும் பார்த்தேன். ஒரு அம்மாள் வெங்காயத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பயந்த கை அது. எண்பதுகளின் நடுவில், அமெரிக்க ஊரான பார்சிப்பனியில் பழகியது. நானும் பாஸ்கரும் ஒரே கம்பெனியில் புரோகிராமர்கள், ஒரே அபார்ட்மென்ட். சமையல் என்னுடையது, பாட்டு அவனுடையது. யாராவது அங்கிள், ஆன்ட்டி கதவைத் தட்டினால் வால்யூமைக் குறைப்பது என் வேலை. அந்தப் பாட்டு ஒரு பிரிட்டிஷ் குழுவுடையது. மூன்று பையன்கள், சிந்தசைசர், டிரம்முக்குப் பதில் ஒரு மெஷின். பாடுகிறவன் குரல் உச்சத்துக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். எனக்கென்னவோ கடுகு வெடிக்கிற சத்தத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை.

பாஸ்கருக்கு அவர்கள் சரித்திரம் மனப்பாடம். லண்டனில் கூரை ஒழுகும் ஒரு வீட்டில் ஒன்றாகக் குடியிருந்தவர்களாம். பழைய கீபோர்டு ஒன்றை மூவரும் முறை வைத்து வாசித்துப் பழகினார்களாம். பாடகன் வடக்கே ஏதோ ஊரின் ரொட்டிக்கடைக்காரர் மகன். ஆண் ஆணைக் காதலிப்பதை மூடி மறைக்காமல் பாடினார்கள். பெரிய ஸ்டேஷன்கள் போட யோசித்தன. கல்லூரி வானொலியில்தான் கேட்க முடியும். முதல் பாட்டு ரேடியோவில் வந்த அன்றோடு பாடகனின் அப்பா அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாராம். இதைச் சொல்லும்போது மட்டும் பாஸ்கர் என் முகத்தைப் பார்க்க மாட்டான். நானும் ரசத்தைக் கவனித்துக்கொண்டிருப்பேன்.

அந்நாளில் நாங்கள் வீட்டுக்குக் கடிதத்தைப் பேசி அனுப்புவோம். ஞாயிறு காலை டேப் ரிக்கார்டர் முன் உட்கார்ந்து கேசட்டில் பேசுவது. உறுமல் பதிவாகிவிடும் என்று ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். திரும்ப மாட்ட மறந்து எத்தனை கேலன் பால் திரிந்துபோனதோ, கேட்காதீர்கள். ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது வைட்டமின் பாட்டிலோடு கேசட்டையும் கொடுத்தனுப்புவோம். அங்கே பக்கத்துப் போர்ஷன்காரர்கள் உட்பட எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள்.

ஒருநாள் எங்களுக்குத் தெரிந்த ஆன்ட்டி, ஊர்ப் பயணத்தை முன்கூட்டி மாற்றிக்கொண்டு திடீரென்று வாசலில் வந்து நின்றார். அன்று மாலையே விமானம். பாஸ்கர் ஆபீசில் இருந்தான். மேஜைமேல் 'அம்மா' என்று அவன் கையெழுத்தில் ஒரு கேசட். கொடுத்தனுப்பிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியில் அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்கை வறுத்தேன்.

வந்தவன் மேஜையைப் பார்த்தான். "இங்க இருந்த கேசட் எங்கடா?"

"ஆன்ட்டிகிட்ட குடுத்துட்டேன். ஏன்?"

ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான். "லெட்டர் இன்னும் மெஷின்லயே இருக்குடா. அது பாட்டுக் கேசட். கடைசில நான் கொஞ்சம் பேசியிருக்கேன்."

"என்ன பேசின?"

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பிராக்டிஸ் பண்ணேன். அதான் மேல அம்மான்னு எழுதி வச்சேன். எனக்குப் பொண்ணு பார்க்காதீங்கம்மா, இந்தப் பாட்டுப் பாடறவன் மாதிரிதான் நானும்னு."

எனக்கு முதலில் வந்த பயம் அவனுக்காக அல்ல. இவனோடு ஒரே வீட்டில் இருக்கிறேனே, என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. "சாவிய எடு, ஏர்போர்ட் போலாம்" என்றேன். போய்ச் சேர்ந்தபோது விமானம் கிளம்பியிருந்தது.

ஐந்து வாரம் காத்திருந்தோம். போன் பண்ணலாம்தான். ஆனால் சைதாப்பேட்டையில் அவர்களுக்குப் போன் என்பது பக்கத்து மருந்துக்கடையில் இருந்தது. கடை நிறைய ஆட்கள் நிற்க, அம்மாவை வரவழைத்து, அந்தக் கேசட்டைக் கேட்காதே என்று எப்படிச் சொல்வது? சொன்னால் கட்டாயம் கேட்பார்கள். பாஸ்கர் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்தான். "அப்பா இனிமே பேச மாட்டாருடா, அந்த ரொட்டிக்கடைக்காரர் மாதிரியே" என்பான். தபால் பெட்டியைத் திறக்க என்னைத்தான் அனுப்புவான். நான் வெறுங்கையோடு திரும்பினால் இருவருக்கும் ஒருநாள் நிம்மதி.

கடைசியில் பதில் கேசட் வந்தது. கேட்பதற்கு ஃப்ரிட்ஜை நிறுத்தத் தேவையே இல்லை என்றாலும், பாஸ்கர் போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தான். எப்போதும் ஜாதக விவரத்தோடு தொடங்கும் அம்மா, இம்முறை வெறுமனே தொண்டையைச் செருமினார்.

"பாஸ்கரா, வெறும் பாட்டா வந்ததும் அப்பாவும் மத்தவங்களும் எழுந்து போயிட்டாங்க. நீ ஏதாவது பேசுவேன்னு நான் மட்டும் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கேட்டவங்ககிட்ட, டேப்பு சிக்கி அறுந்துபோச்சுன்னு சொல்லிட்டேன். ஜாதகத்தையெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சு. நீ வேளைக்குச் சாப்பிடு." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பையன் ஏன்டா அவ்வளவு கத்திப் பாடறான்? தொண்டை என்னத்துக்கு ஆகும்?"

பாஸ்கர் அழுதான். நானும்தான்.

அந்தக் குழு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. பாடகன் பிரிந்து போனான். மற்ற இருவரும் வேறு குரலை வைத்து முயன்று ஓய்ந்தார்கள். பாஸ்கர் பே ஏரியாவுக்கு மாறினான். அங்கே அவனோடு வாழ்பவர் இப்போது எனக்கும் நல்ல நண்பர். அப்பாவுக்குக் கடைசி வரை அது அறுந்த டேப்தான். அம்மா போயும் பல வருஷம் ஆகிறது.

கடையிலிருந்தே பாஸ்கரைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கர் பக்கம் தூக்கிப் பிடித்தேன். பாட்டு முடிந்ததும் போனைத் திரும்பக் காதில் வைத்தேன்.

"அம்மா அனுப்பின கேசட்ட இன்னும் வச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"போன மாசம் பழைய மெஷின் ஒண்ணத் தேடிப் பிடிச்சுப் போட்டேன்டா" என்றான். "டேப்பு சிக்கி அறுந்துபோச்சு. இந்தத் தடவை நெஜமாவே."