கையில் வைத்த கருப்பட்டி

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தாலே கட்டிலைச் சுத்தி நிக்கிற சனம் மூக்கைப் பொத்திக்கிட்டு ஒதுங்கும். கண்டியில அந்த ஆஸ்பத்திரி வாட்டுல நான் மட்டும் ஒதுங்க முடியாது, பொண்டாட்டி ஆச்சே. மேலண்ணத்துல தார் பூசினாப்புல கறுப்பு. ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண்ணு பிதுங்கி... சீ!

அவருக்குச் சீனி வருத்தம், ரத்தத்துல சர்க்கரை ஏறுற நோய். அதனால மூக்குக்குள்ள பூஞ்சணம் புடிச்சு, எலும்பை அரிச்சுக்கிட்டு கண்ணுப் பக்கம் ஏறுதுன்னாங்க. மஞ்சளா ஒரு மருந்தை நரம்புல ஏத்தினாங்க. ஏறுறப்பல்லாம் ஆளு கிடுகிடுன்னு நடுங்கினார். அது கேக்கல. வேற மருந்து மாத்தினாங்க, அதுவும் கேக்கல. அறுத்துச் சுரண்டின இடத்திலயே திரும்பக் கறுத்துச்சு.

யாழ்ப்பாணத்து டாக்டரம்மாவுக்கு ஒரே யோசனை. "ஊசி போட்டும் சீனி இறங்குதில்லை. இறங்காட்டி எந்த மருந்தும் இதைப் பிடிக்காது. தேத்தண்ணிக்குச் சீனி போடுறவரோ? உண்மையைச் சொல்லுங்கோ."

போடுறதே இல்லன்னு அவர் என் தலைமேல கை வச்சுச் சத்தியம் பண்ணினார். நானும் நம்பினேன்.

மறுநாள் பஸ் சீக்கிரம் கிடைச்சதால வழக்கத்தை விட முந்திப் போனேன். தெல்தோட்டையிலேர்ந்து வந்திருந்த அவர் தங்கச்சி, பிளாஸ்க்கைத் திறந்து பாலில்லாத வெறுந்தேத்தண்ணி ஊத்திக்கிட்டிருந்தா. அவர் உள்ளங்கையில கித்துள் கருப்பட்டி. ஒரு கடி, ஒரு முடக்கு. அந்த அழுகின வாயோரம் கருப்பட்டி எச்சில் ஒழுகுது.

"என்னடி இது?"

"தேத்தண்ணியில ஒண்ணும் போடல அண்ணி. கையிலதானே குடுத்தேன்."

தேயிலைத் தோட்டத்துல எல்லாரும் அப்படித்தான் கடிச்சுக்கிட்டுக் குடிப்போம், இனிப்பு கோப்பைக்குள்ள விழாது. அதனால அண்ணனும் தங்கச்சியும் அதைச் சீனியாவே சேர்க்கல! "நாசமாப் போறவளே, அண்ணனுக்கு வாய்க்கரிசியாடி போடுற?"ன்னு வாட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் கையிலிருந்ததைப் புடுங்கி எறிஞ்சேன். என் விரலெல்லாம் அவர் எச்சில். அப்படியே போய் டாக்டரம்மாகிட்டச் சொன்னேன்.

"சீனியை இறக்கிப் போடலாம். ஆனா இனி மருந்தை மட்டும் நம்பிக் காத்திருக்கேலாது. கண்ணை எடுத்தாத்தான் உயிர்"ன்னாங்க.

அவர் மாட்டேன்னு அழுதார். "கண்ணு போனாப் போகட்டும், நீங்க இருங்க"ன்னு நான்தான் மல்லுக்கட்டிச் சம்மதிக்க வச்சேன். கண்ணோட பாதி அண்ணமும் போச்சு. சீனி இறங்கின உடம்புல மருந்தும் புடிச்சுது, கறுப்பு திரும்ப வரல.

வீட்டுல முதல் தடவை கட்டுப் பிரிச்சப்ப கண்ணு இருந்த பள்ளத்துக்குள்ள செக்கச்செவேர்னு சதை தெரிஞ்சது. ஓடிப்போய் வாசல்ல வாந்தி எடுத்துட்டு வந்தேன்.

"அருவருப்பா இருக்கா?"ன்னார்.

"ஆமா."

ஒத்தைக் கண்ணால என்னையே பார்த்தார். "அப்ப எதுக்கு என்னைப் பொழைக்க வச்ச?"

"ஆடாம இருங்க, மருந்துத் துணி வைக்கணும்"ன்னேன். துணியை மடிச்சு அந்தப் பள்ளத்துக்குள்ள வச்சேன்.