சந்தில் பேர் எழுத வந்தவன்

ஆரியசாலையில் மிளகாய் மொத்தக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே இசக்கிசெல்வி வீட்டுக் கதவில் மட்டும் நம்பர் கிடையாது. மாநகராட்சிக்காரர்கள் ஆணியடித்த நம்பர் தகட்டை அன்றைக்கே பிடுங்கி எறிந்தாள். கிறுக்கு என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எண்பத்துமூன்றில் அவளுக்கு ஒன்பது வயது. அப்பா கொழும்பில் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். கலவரத்தில் தமிழர் வீடுகளைத் தேடிக் கூட்டம் வந்தபோது முன்னால் நடந்தவன் கையில் வீட்டு நம்பர்கள் எழுதிய ஒரு தாள். முதல் வீட்டை விட்டான், அடுத்ததையும் விட்டான், இவர்கள் வாசலில் நின்றான். தெருவில் ஒரு வீட்டைக்கூட மாற்றிப் பிடிக்கவில்லை. அந்தத் தாளை எழுதியவன் இரண்டு மாதம் முன்னால் கணக்கெடுக்க வந்து அம்மா கையால் தேநீர் குடித்துவிட்டுப் போனவன். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் இவளை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளி மறைத்தாள். அப்பாவை மறைக்க இடமில்லை.

இப்போது அவள் வீட்டு மாடியில் ஆறு வங்காளத் தொழிலாளிகள் வாடகைக்கு இருக்கிறார்கள். போன வாரம் பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறான் என்று போனில் ஒரு புரளி. வழி கேட்ட அசாம்காரன் ஒருவனை அடித்துக் காலை ஒடித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரெஜி வந்தான். கெட்டவனில்லை. அவள் காய்ச்சலில் கிடந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன்.

"அக்கா, மேல உள்ளவங்க பேரு வேணும்."

"போலீசுக்கு அப்பவே குடுத்தாச்சே?"

"இது நம்ம வாட்ஸ்அப் குரூப்புல போடவாக்கும். எந்த வீட்டுல யாருன்னு எல்லாரும் அறியணுமே."

"நான் சொல்லமாட்டேன்."

"சொல்லலேன்னா போகட்டும். தினமும் காணுறவங்கதானே." கையிலிருந்த தாளில் அவனே எழுதினான்: ஆறு பேர், பெங்காலி, மாடி.

தாளைப் பிடுங்கிப் பலனில்லை. பத்து வீடு ஏற்கெனவே ஏறிவிட்டது. தன் பேரும் அதில் ஏறினால் இவனுக்கு வெட்கம் வரும், நிறுத்திவிடுவான் என்று நினைத்தாள்.

"அப்போ என்னையும் எழுதுடே. பொறந்தது கொழும்பு. நானும் வந்தேறிதான்."

ரெஜி சிரித்தான். "போங்க அக்கா. நீங்க நம்ம ஆளல்லே?"

"எங்கப்பாவையும் அப்படித்தான் சொன்னானுவ. எழுதுடே."

அவன் சிரிப்பு போனது. அவள் முகத்தையே பார்த்தான். கிழித்துவிடுவான் என்று காத்திருந்தாள். அவன் குனிந்து, நிதானமாக எழுதினான். பிறகு அன்பாகவே கேட்டான்:

"கொழும்புல இருந்து வந்தவங்க இந்தச் சந்துல வேற யாரெல்லாம் உண்டு, அக்கா?"

இசக்கிசெல்வி கதவைச் சாத்திவிட்டு மாடிப்படி ஏறினாள், ஆறு பேரையும் பையைக் கட்டச் சொல்ல.