நேராக நிற்பதற்கு ஒரு கடிதம்

ஒரு காலத்தில் நான் இடப்பக்கம் சரிந்து நடந்தேன். எனக்கு அது தெரியாது. சரிந்து நடப்பவனுக்கு ஊர்தான் சரிந்து தெரியும். காலி வீதி மின்கம்பங்களில் ஒன்றைக்கூட நிமிர்த்தி நட இந்த அரசாங்கத்துக்குத் தெரியவில்லையே என்று பல மாதங்களாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. வெள்ளவத்தையில் வாடகை அறை. கொட்டாஞ்சேனையில் ஒரு பெயின்ட் கடையின் மேல்மாடியில் நிறம் கலக்கும் வேலை. வீட்டுக்கு நிறம் பூசப்போகிறவர்கள் மனைவியின் சேலைத் துண்டைக் கொண்டுவந்து இதே பச்சை வேண்டும் என்பார்கள். நான் தின்னர் ஊற்றிக் கலக்கி, பலகைத் துண்டில் தடவி, தலையை இடப்பக்கம் சாய்த்து, மின்குமிழ் வெளிச்சத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

பட்டப்பகலில் மின்குமிழ் எதற்கு என்றால், யன்னல் இல்லை. முன்பு இருந்தது. எங்கோ பக்கத்தில் குண்டு வெடித்த ஒருநாள், அதன் கண்ணாடி முழுவதும் நான் அரை நாளாகக் கலக்கிய இளநீல வாளிக்குள் வந்து விழுந்தது. முதலாளி மறுநாளே யன்னலுக்குப் பலகை அடித்துவிட்டார். காற்று வராதே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"தம்பி, காத்து தனிய வந்தாத் தொறக்கலாம். கண்ணாடியையும் கூட்டிக்கொண்டுதானே வருது" என்றார் முதலாளி.

அதன்பிறகு காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை அந்த அறையில் நானும் தின்னர் வாசமும்தான். மாலையில் இறங்கும்போது மாடிப்படியில் ஒரு படி கூடியிருக்கும், இல்லாவிட்டால் குறைந்திருக்கும். முதலில் கடற்காற்றுப் பட்டதும் தெளிந்துவிடும். ஒரு வருடம் போனபின் கடற்காற்றுக்கும் நான் அடங்கவில்லை.

இந்த நிலையில்தான் பெண் பார்க்கப் போனேன். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் வீடு. பெண்ணின் தகப்பனார் ஓய்வுபெற்ற தபால் அதிபர். நெற்றி நிறையத் திருநீறு. மருந்துக்குக்கூட பிராந்தி வாசற்படி தாண்டாத வீடு என்று தரகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. விடைபெற எழுந்து கைகூப்பினேன். கைகூப்பினால் பிடிக்கக் கை இருக்காது என்பதை யோசிக்கவில்லை. வாசல் திரைச்சீலையோடு சேர்ந்து கீழே வந்தேன்.

தகப்பனார் சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்தார். பெண்தான் ஓடி வந்து சீலையின் மறுமுனையைத் தூக்கி, உள்ளே இருந்த என்னிடம், "கம்பி தலையில படேல்லையே?" என்று கேட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் கேட்டாள். இந்தக் கலியாணம் நடக்காவிட்டால் இனி ஒன்றுக்கும் எழும்புவதில்லை என்று அந்தச் சீலைக்குள் இருந்தே முடிவெடுத்தேன்.

இரண்டாம் நாள் தரகர் வந்தார். "தம்பி குடிவகை பாவிக்கிறவரோ எண்டு கேக்கினம்." நான் வெற்றிலைகூடப் போடுவதில்லை என்றேன். அதை அவர்கள் நம்ப எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றார்.

டொக்டரிடம் போனேன். இரண்டு காலையும் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். திறந்தபோது டொக்டரின் மேல் இருந்தேன். என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, உங்களுக்குக் குடிப்பழக்கம் ஒன்றும் இல்லை, மூளைக்குள் தின்னர் போயிருக்கிறது, வேறு வேலை பாருங்கள் அல்லது யன்னல் பலகையைக் கழற்றுங்கள் என்றார். ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் தந்தார்: இன்னார் மதுவினால் அல்ல, தொழிலில் கையாளும் இரசாயனப் பொருட்களின் ஆவியினால் தள்ளாடுகிறார்.

"இதைப் பொம்பிளை வீட்டில காட்டுங்கோ. சென்றியில மட்டும் காட்டிப்போடாதேங்கோ" என்றார்.

வீதிச் சோதனைச் சாவடியில் நிற்கும் ஆமி அதை எப்படி வாசிக்கும் என்பது எனக்கும் விளங்கியது. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், சட்டைப் பையில் இரசாயனப் பொருட்கள் கையாளுபவன் என்று டொக்டர் அத்தாட்சி.

மறுநாள் வேலை முடிந்ததும் கடிதத்தோடு நேரே பெண் வீட்டுக்குப் புறப்பட்டேன். வெள்ளவத்தைக்குச் சற்று முன்னால் சென்றியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் எனக்கு அடுத்ததாகக் குடையோடு தபால் அதிபர்.

அவர் எங்கே போய்விட்டு வருகிறார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் கடிதம் கேட்பார்கள். ஆனால் மாப்பிள்ளையின் வேலைத்தலத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் நம்புவார்கள்.

ஆமிக்காரப் பெடியன் என் அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மூக்கைச் சுருக்கினான். நேராக நிற்கச் சொன்னான். நின்றேன். அது அவனுக்குத் திருப்தியாக இல்லை.

"பீலாத?" சிங்களத்தில் குடித்திருக்கிறாயா என்கிறான்.

இல்லை என்றால் இது என்ன மணம் என்பான். பெயின்ட், தின்னர் என்று தொடங்கினால் பொலிசில்தான் முடியும். அந்த நாட்களில் குடித்த தமிழனால் நாட்டுக்கு ஆபத்தில்லை. குடிக்காமல் தள்ளாடுகிறவன்தான் விசாரிக்கப்பட வேண்டியவன். ஓம் என்றால் வீட்டுக்குப் போகலாம். ஆனால் எந்த வீட்டுக்கு? என் முதுகில் தபால் அதிபரின் மூச்சுப் படுகிறது.

"ஒவ் சேர்," என்றேன். "டிக்கக்." ஓம், கொஞ்சம்தான்.

அவன் சிரித்து, அட்டையைத் தந்து, பார்த்துப் போகச் சொன்னான். நான் நாலடி தள்ளி மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்தது தபால் அதிபரின் முறை. அவர் முன்னால் வந்தார். அவருடைய வலது செருப்பு வரவில்லை. அது கழன்றது அவருக்குத் தெரியவில்லை. வெறுங்காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் வைத்து, ஒருமுறை ஆடி, குடையை ஊன்றி நின்றார்.

பெடியனுக்கு முன்னைய சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "சீயத் பீலாத?" தாத்தாவும் போட்டிருக்கிறாரோ?

தபால் அதிபர் அவனுடைய தோளில் தொங்கிய துவக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பதிவுத் தபாலுக்கு முத்திரை குத்துவதுபோல் அழுத்தமாகச் சொன்னார்: "ஒவ். டிக்கக்."

நான் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்துத்தான் விரலை நுழைக்க முடிந்தது. பஸ் எங்களை விட்டுப் போய்விட்டது. நடந்தோம்.

"சலரோகம்," என்றார். "பத்து வருசமா இரத்தத்தில சீனி. காலுக்குக் கீழ நிலம் இருக்கோ எண்டு எட்டிப் பாத்தால்தான் தெரியும்."

ஏன் அதை அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தம்பி சொன்னது வேலை செய்தது. அதையே சொன்னன்."

கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் பிரிக்காமலே திருப்பித் தந்தார். "தேத்தண்ணிக் கடையில அரை மணித்தியாலம் இருந்தனான். உங்கட கடை மணத்தில எனக்கே தலை சுத்தினது."

ஒழுங்கை இறக்கத்தில் அவர் வலப்பக்கம் சரிந்தார், நான் இடப்பக்கம். தோளைத் தோளில் முட்டக்கொடுத்தபோது இருவரும் ஏறக்குறைய நேராக நடந்தோம். வீட்டு வாசலில் நின்று, "சென்றிக் கதை உள்ளுக்கு வேண்டாம்," என்றார்.

உள்ளே மனைவியும் மகளும் எங்கள் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"விசாரிச்சிட்டன்," என்றார் தபால் அதிபர். "பெடியன் குடிக்கிறேல்லை."

இதைச் சொல்லும்போது அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பிடிக்க இருந்தது புதிதாகக் கட்டிய திரைச்சீலை ஒன்றுதான். அவள் வந்து அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.