பெர்னடெற் கட்டிய பனிச் சங்கிலி

மன்னாரிலிருந்து வந்து, கோழிக்கடை, பெற்றோல் நிலையம் என்று கால் கடுக்க நின்று, நாற்பத்தொரு வயதில் லொறி லைசென்ஸ் எடுத்தவர் பெர்னடெற். லண்டன் சவுத்தாலில் எங்கள் மளிகைக் களஞ்சியத்தில் லொறி ஓட்டிய ஒரே பெண். நான் அங்கே பெட்டி தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். அவர் லொறியைப் பின்னால் எடுத்து நிறுத்துவதை வேடிக்கை பார்க்க முதல் நாள் வாசலில் கூடிய வீரர்களில் நானும் ஒருவன். ஒரே தடவையில் உள்ளே விட்டார். நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

அவருடைய மகள் அனோஜினி சுவிஸில் இருக்கிறாள். மருமகனுக்கு மலைமேல் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. ஐப்பசியில் அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெர்னடெற் பேரனை போனில்தான் பார்த்தார். மார்கழியில் லீவு என்ற பேச்சையே முதலாளி அம்பலவாணன் எடுக்க விடமாட்டார். ஆனால் நத்தார் பண்டிகைக்கு முன் சுவிஸ் கடைகளுக்கு ஒரு லொறி போகும். அது மகளின் ஊரைத் தாண்டித்தான் போகும்.

"பனிச் சங்கிலி கட்டத் தெரிஞ்ச ஆள்தான் அந்த மலைக்குப் போகலாம்," என்றார் முதலாளி.

"நான் பழகுறன்," என்றார் பெர்னடெற். முதலாளி சரியென்றார்.

ஆறு கிழமை, சாப்பாட்டு நேரமெல்லாம் அதுதான் வேலை. பனியில் வழுக்காமலிருக்கச் சில்லில் கட்டும் அந்த இரும்புச் சங்கிலியைச் சிக்கெடுத்துப் பின்சில்லின் மேல் போர்த்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உள்பக்கக் கொழுக்கியைக் கையால் தடவி மாட்ட வேண்டும். பிறகு வெளிப்பக்கத்தை இழுத்துப் பூட்டி, லொறியைக் கொஞ்சம் உருட்டி, மறுபடி இறுக்க வேண்டும். முதலில் ஒரு சில்லுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. கடைசியில் எட்டு நிமிடம். அதுவும் மீன்பெட்டி ஐஸுக்குள் கையை வைத்து விறைக்கப் பண்ணிவிட்டு.

"மலையில கை விறைச்சுத்தானே இருக்கும், அண்ணை," என்றார். நகமெல்லாம் உடைந்திருந்தது.

போகிற நாள் காலையில், பேரனுக்கு வாங்கிய உடுப்புப் பையோடு வந்தார். லொறியின் சாரதி இருக்கையில் முதலாளியின் தமக்கை மகன் டிலுக்சன் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"தனிய ஒரு பொம்பிளையை மலைக்கு அனுப்பி, ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?" என்றார் முதலாளி. எட்டு வருடமாக லண்டன் முழுக்கத் தனியே ஓட விட்டவருக்கு அன்றைக்குத்தான் அக்கறை பொத்துக்கொண்டு வந்தது.

டிலுக்சன் சங்கிலியைத் தொட்டதே இல்லை. அதற்கும் முதலாளி வழி கண்டுபிடித்தார். "பெர்னடெற், நீர் இஞ்சயே கட்டி விடும். பெடியன் பனிக்குள்ள நிண்டு கஷ்டப்படத் தேவையில்லை."

"காய்ஞ்ச றோட்டில சங்கிலியோட ஓடேலாது. அறுந்து அடிக்கும்."

"எனக்குப் படிப்பிக்கிறீரோ? சொன்னதைச் செய்யும்."

நான் இரண்டு முழம் தள்ளி நின்றேன். பெர்னடெற் என்னைப் பார்த்தார். நான் பெட்டிகளைப் பார்த்தேன். அவர் முழந்தாளில் இருந்து கட்டினார். கட்டி முடித்து, "தம்பி, அந்தத் தெரு முடக்கில நிப்பாட்டிச் சங்கிலியைக் கழட்டிப் போட்டுப் போம்," என்று டிலுக்சனிடம் ஜன்னலில் தட்டிச் சொன்னார். அவன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

மோட்டர்வேயைக் காணுமுன்னே சங்கிலி அறுந்தது. பிரேக் காற்றுக் குழாயை வெட்டி, மட்காட்டையும் பிய்த்துவிட்டது. லொறி நடுத்தெருவில் நின்றது. நல்லகாலம், ஒருவருக்கும் காயமில்லை.

மத்தியானம் முதலாளியின் கந்தோர் அறையில் விசாரணை. "தனக்குக் கிடைக்கேல்லையெண்ட எரிச்சலில வேணுமெண்டு செய்திருக்கிறா," என்றான் டிலுக்சன். முதலாளி தலையாட்டினார். தான் சொன்னதை அவர் மறந்தே போனார்.

பெர்னடெற் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்தானே. சொல்லுங்கோ."

"போர்க்லிப்ட் சத்தத்தில எனக்கு ஒண்டும் கேக்கேல்லை," என்றேன்.

எங்கள் போர்க்லிப்ட் பற்றரியில் ஓடுவது. அதில் சத்தமே வராது. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அந்த நிமிடமே பெர்னடெற்றின் வேலை போனது.

வாசல் வரை பின்னால் போனேன். வெட்கங்கெட்டவன், ஆறுதல் சொல்லவும் வாய் வந்தது. "இனி லீவு கேக்கத் தேவையில்லை. போய்ப் பேரனைப் பாக்கலாம்தானே."

"வேணுமெண்டு லொறியை உடைச்சவளெண்டு பேர் வாங்கிக்கொண்டோ?" என்றார். உடுப்புப் பையைத் தோளில் மாட்டினார். "பரவாயில்லை அண்ணை. உங்களுக்கும் பிள்ளை குட்டியள் இருக்கு."

எனக்குப் பிள்ளைகள் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.